ஐந்நூறு மீட்டர் இண்டோர் ரோயிங் ரேஸ்: என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

சென்னைல ரோயிங், அதாவது துடுப்புப் படகு ஓட்டுறது, ஒண்ணும் புதுசு இல்ல, அடையாறு ஆத்துல மெட்ராஸ் போட் கிளப் 1867லயே ஆரம்பிச்சாச்சு. ஆனா தண்ணியே இல்லாம ஹாலுக்குள்ள வரிசையா மெஷின் போட்டு ஓட்டுற ரேஸ்னு சொன்னா இன்னும் நிறைய பேர் புரியாம பாக்குறாங்க. நான் சில வருஷமா இந்த மெஷின்ல ஓட்டிட்டு இருக்கேன், புதுசா வர்றவங்களுக்கு சொல்லியும் குடுக்குறேன், ஜிம் பசங்க, காலேஜ் பொண்ணுங்க, ரிட்டயர் ஆகப்போற சார்னு யார் வந்தாலும் கேக்குறது இதே இருபத்தோரு சந்தேகம்தான். அவங்க கேட்ட மாதிரியே எழுதி, தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிருக்கேன். மேலருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் முன்னாடி சொன்னத வச்சுத்தான் போகும்.

அக்கா, ஜிம் மூலைல கிடக்குமே, உக்காந்து இழுக்குற மெஷின், அதுலயா ரேஸ்?

அதேதான். ரோயிங் எர்கோமீட்டர்னு பேரு, நாங்க சுருக்கமா எர்க்னு சொல்லுவோம். ரேஸ்ல பெரும்பாலும் கான்செப்ட்2 மெஷின்தான் இருக்கும். அமெரிக்கால டிக், பீட் டிரைஸிகாக்கர்னு ரெண்டு அண்ணன் தம்பி 1976ல படகுக்கு துடுப்பு செய்யற கம்பெனியா ஆரம்பிச்சாங்க, 1981ல முதல் மெஷின் வந்துச்சு. அந்த ஊர்ல குளிர்காலத்துல ஆறு உறைஞ்சுடும், அந்த மாசங்கள்ல பயிற்சி விட்டுப்போகக் கூடாதுன்னுதான் இது.

பாஸ்டன்ல சில ரோயர்கள் சேர்ந்து 1980களோட ஆரம்பத்துல க்ராஷ்-பி ஸ்பிரிண்ட்ஸ்னு ஒரு ரேஸ் வச்சாங்க, ஜெயிச்சா சுத்தியல் பரிசு, ரொம்ப வருஷம் அதுதான் உலகப் போட்டி மாதிரி நடந்துச்சு. 2018லருந்து வேர்ல்ட் ரோயிங் அமைப்பே உலக இண்டோர் சாம்பியன்ஷிப் நடத்துது. நம்ம நாட்டுல ரோயிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா நேஷனல் இண்டோர் போட்டி நடத்துது. வழக்கமான தூரம் 2000 மீட்டர், ஸ்பிரிண்ட்னா 500. இங்க நான் பேசப்போறது 500 பத்தி.

மெஷின் நின்ன இடத்துலயே நிக்குது, அப்புறம் எங்கருந்து 500 மீட்டர்?

முன்னாடி ஒரு கூண்டுக்குள்ள சக்கரம் இருக்கு, ஹேண்டிலை இழுத்தா செயின் அதை சுத்தும், சக்கரத்துல இருக்குற இறக்கைங்க காத்தைத் தள்ளும். நீங்க இழுக்குறப்போ சக்கரம் எவ்ளோ வேகமாகுது, விட்டு முன்னாடி வர்றப்போ எவ்ளோ சீக்கிரம் வேகம் குறையுது, ரெண்டையும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்லயும் (ஒரு தடவை இழுத்துட்டு திரும்பி முன்னாடி வர்றதுதான் ஒரு ஸ்ட்ரோக்) மானிட்டர் அளந்து, எத்தனை வாட்ஸ் போட்டீங்கன்னு கணக்கு பண்ணி, அந்த வாட்ஸுக்கு ஒரு படகு எவ்ளோ தூரம் போயிருக்கும்னு மீட்டரா மாத்திக் காட்டும். அதனால சென்னைல ஓட்டுன 500-ம் பாஸ்டன்ல ஓட்டுன 500-ம் ஒண்ணுதான்.

எனக்கு நீச்சலும் தெரியாது, படகுலயும் ஏறுனதில்ல. கலந்துக்கலாமா?

தாராளமா. படகு பக்கமே போகாதவங்க நிறைய பேர் இதை மட்டும் தனி விளையாட்டா பண்றாங்க. ஜூனியர், ஓப்பன், அப்புறம் 30-39, 40-49னு வயசுப் பிரிவு இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு உடம்பு எவ்ளோ இயங்குதுங்கறத வச்சு பிஆர்1, பிஆர்2, பிஆர்3னு தனிப் பிரிவும் உண்டு. பேர் குடுக்குறப்போ எந்தப் பிரிவு, லைட்வெயிட்டா (எடை குறைஞ்சவங்க பிரிவு) இல்லையான்னு மட்டும் அந்தப் போட்டியோட விதியைப் பாத்துக்கோங்க.

நல்ல டைம்னா எவ்ளோக்கா? நான் முதல் தடவை 1:52 வந்தேன்.

முதல் தடவைக்கு நல்லாவே வந்திருக்கு தம்பி. ஜிம் போற, ரோயிங் புதுசான ஆம்பளைங்க 1:40லருந்து 2:00க்குள்ள வருவாங்க, பொண்ணுங்க 2:00லருந்து 2:25, இது நான் பாத்தவங்கள வச்சு சொல்றது. உலகத்துல ரொம்ப வேகமான ஆம்பளைங்க 1:10 பக்கத்துல முடிப்பாங்க, பொண்ணுங்க 1:25 பக்கத்துல. இன்னொண்ணு பாருங்க, 2018ல ஆஸ்திரேலியாவோட ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2000 மீட்டரை 5:35.8ல முடிச்சார். அதாவது 1:24 வேகத்துல நாலு ஐந்நூறு, நடுவுல நிறுத்தாம. இதுல மனுஷ உடம்பு எவ்ளோ தூரம் போகுதுன்னு நினைக்கறப்போ எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

மானிட்டர்ல 1:50, 2:05னு மாறிட்டே இருக்கே, அது என்ன?

அதுதான் ஸ்ப்ளிட். இதே வேகத்துல போனா 500 மீட்டருக்கு எவ்ளோ நேரம் ஆகும்ங்கறது. நம்ம ரேஸே 500ங்கறதால கடைசில வர்ற சராசரி ஸ்ப்ளிட்தான் உங்க டைம், வேற கணக்கே வேண்டாம்.

இதுல ஒரு விஷயம் மட்டும் மனசுல நல்லா பதிய வச்சுக்கோங்க, பின்னாடி பேஸ் பத்தி, அதாவது ரேஸ் முழுக்க வேகத்தை எப்படிப் பிரிச்சு ஓட்டுறதுன்னு, பேசுறப்போ வேணும். வேகத்துக்கும் வாட்ஸுக்கும் நேர்க்கோட்டுக் கணக்கு கிடையாது, வேகத்தோட கனம்தான், அதாவது வேகம் × வேகம் × வேகம்தான் கணக்கு. 2:00 ஸ்ப்ளிட்டுக்கு சுமார் 203 வாட்ஸ், 1:45க்கு 302, 1:30க்கு 480. பதினஞ்சு செகண்ட் குறைக்க முதல்ல நூறு வாட்ஸ் போதுச்சு, அடுத்த பதினஞ்சுக்கு நூத்தி எண்பது வேணும். அப்போ வேகமா போகப் போக ஒவ்வொரு செகண்டும் விலை ஏறிட்டே போகும்.

டேம்பரை 10ல வச்சா வேகமா போகலாம்னு ஜிம் டிரெய்னர் சொன்னாரு, நிஜமா?

இல்ல. ஜிம்ல நான் அதிகமா கேட்ட தப்பு இதுதான். டேம்பர்ங்கறது சக்கரக் கூண்டு பக்கத்துல இருக்குற லீவர், அது சக்கரத்துக்குள்ள எவ்ளோ காத்து போகணும்ங்கறத மட்டும்தான் மாத்தும். சைக்கிள் கியர் மாதிரி நினைச்சுக்கோங்க. 10ல வச்சா ஒவ்வொரு இழுப்பும் கனமா, மெதுவா இருக்கும், அதுக்காக மானிட்டர் உங்களுக்கு மீட்டர் கூடப் போட்டுத் தராது. போட்ட வாட்ஸுக்குத்தான் மீட்டர்.

லீவர் நம்பரையும் நம்பாதீங்க. கூண்டுல தூசி அடைச்ச பழைய மெஷின்ல 6 வச்சா புது மெஷின்ல 4 வச்ச மாதிரி இருக்கும். நிஜமான அளவு டிராக் ஃபேக்டர், அதாவது காத்து சக்கரத்தை எவ்ளோ தடுக்குதுங்கற நம்பர், மானிட்டர் மெனுல அதைத் தேர்ந்தெடுத்துட்டு நாலஞ்சு தடவை இழுத்தா நம்பர் காட்டும். சாதாரணப் பயிற்சிக்கு 110லருந்து 130, ஸ்பிரிண்ட்டுக்கு கொஞ்சம் கூட வச்சுக்கலாம், நான் 128 வைக்கிறேன், என்கூட ஓட்டுற நல்ல உயரமான பையன் 145 வைக்கிறான். ரேஸ்ல உங்க மெஷினை நீங்களே செட் பண்ணிக்கலாம், உக்காந்ததும் முதல் வேலை அதுதான்.

பைசெப்ஸ் நல்லா இருக்கு, புல்-அப்ஸ் இருபது எடுப்பேன். இதுல ஜெயிச்சுடலாம்ல?

பாக்குறதுக்கு கையால இழுக்குற மாதிரிதான் தெரியும், ஆனா வேலை செய்யறது கால். காலால பலகையைத் தள்ளணும், அப்புறம் முதுகு பின்னாடி சாயணும், கடைசியாத்தான் கை மடங்கணும். திரும்பி வர்றப்போ அப்படியே தலைகீழ், கை முதல்ல நீளும், உடம்பு முன்னாடி சாயும், ஹேண்டில் முட்டியைத் தாண்டுன அப்புறம்தான் முட்டி மடங்கணும். இந்த வரிசை தப்பினா எவ்ளோ பலம் இருந்தாலும் வீண்.

புதுசா வர்றவங்க எல்லாருக்கும் நான் ஒரே சோதனைதான் வைப்பேன். பக்கவாட்டுல நின்னுட்டு சீட்டையும் ஹேண்டிலையும் மட்டும் பாப்பேன். கால் தள்ளின உடனே ரெண்டும் ஒண்ணா கிளம்புனா சரி. சீட்டு மட்டும் சர்ருனு பின்னாடி ஓடி, ஹேண்டில் அங்கேயே நின்னு, செயின் ஒரு நொடி தொய்வா இருந்துட்டு அப்புறம் வெடுக்குனு இழுபட்டா, கால் போட்ட பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவே இல்லன்னு அர்த்தம். புல்-அப் நல்லா எடுக்குற பசங்ககிட்ட இதை அடிக்கடி பாக்குறேன், கையை நம்பி நம்பி காலை மறந்துடுறாங்க. சரி பண்ண, கையை மடக்கவே மடக்காம, முதுகும் சாயாம, காலால மட்டும் ஒரு இருபது தடவை தள்ளுங்க. தினமும் வார்ம்-அப்ல இதைச் செஞ்சா ரெண்டு வாரத்துல உடம்பு தானா பழகிடும்.

அப்புறம் ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்காதீங்க, பஸ் கம்பில கை தொங்குற மாதிரி விரலை மட்டும் கொக்கி போட்டா போதும். இறுக்கிப் பிடிச்சா நூறு மீட்டர்லயே முன்கை கல்லாயிடும்.

எங்க ஜிம்ல தண்ணி டேங்க் வச்ச மெஷின்தான் இருக்கு. அதுல பிராக்டிஸ் பண்ணா ஆகாதா?

மூச்சுக்கும் காலுக்கும் நல்லதுதான், பண்ணுங்க. ஆனா அதுல வர்ற நம்பரை ரேஸ் நம்பரோட ஒப்பிடாதீங்க, ரெண்டும் வேற வேற கணக்கு. ரேஸுக்கு முன்னாடி நாலஞ்சு தடவையாவது கான்செப்ட்2 இருக்குற இடம் தேடிப் போய் ஓட்டிடுங்க, முக்கியமா ஸ்டார்ட்டை அதுலதான் பழகணும்.

நான் அஞ்சடி ரெண்டு, 52 கிலோ. பக்கத்துல எண்பது கிலோ ஆள் உக்காந்தா என்ன பண்றது?

உண்மையைச் சொல்லிடுறேன், எர்க்ல உயரமும் எடையும் லாபம்தான். படகுல கனமான ஆள் ஏறுனா படகு இன்னும் ஆழமா அமுங்கும், தண்ணி இன்னும் அதிகமா தடுக்கும், மெஷின்ல அந்தத் தண்டனை கிடையாது. அதனாலதான் லைட்வெயிட் பிரிவு வச்சிருக்காங்க, ஆம்பளைங்களுக்கு 75 கிலோ வரைக்கும், பொண்ணுங்களுக்கு 61.5 கிலோ வரைக்கும். உங்க எடைக்கு நீங்க போக வேண்டியது அங்கதான், எண்பது கிலோ ஆளோட டைம் உங்க ரிசல்ட்ல சேராது.

ஒண்ணே ஒண்ணு, 62, 63 கிலோ இருக்குறவங்க ரேஸுக்காக ரெண்டு நாள் தண்ணி குடிக்காம எடையை இறக்குற வேலை வேண்டவே வேண்டாம். காலேஜ் பொண்ணு ஒருத்தி அப்படிச் செஞ்சு எடை பாத்துட்டு வந்து வார்ம்-அப்லயே தலை சுத்தி உக்காந்துட்டா, நாலு மாச உழைப்பு அன்னைக்கு போச்சு. ஓப்பன்ல ஓட்டுங்க, ஒண்ணும் குறைஞ்சுடாது.

வயசு 54, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேன். ஒன்றரை நிமிஷம்தானேம்மா, ஓட்டலாமா?

சார், அந்த "ஒன்றரை நிமிஷம்தானே"ங்கறதுதான் பிரச்சனை. நேரம் குறைச்சல், ஆனா இதயம் உச்சத்துக்குப் போயிடும், அதுவும் மூச்சைப் பிடிச்சுட்டு இழுத்தா பிரஷர் இன்னும் ஏறும். டாக்டர்கிட்ட "மெஷின்ல முழு வேகத்துல ஓட்டப்போறேன்"னு தெளிவா சொல்லிக் கேளுங்க, "லேசா எக்சர்சைஸ் பண்ணலாமா"ன்னு கேட்டா அவர் வேற பதில்தான் சொல்லுவார். அவர் சரின்னா ரெண்டு மூணு மாசம் மெதுவான ஓட்டம், அப்புறம்தான் ஸ்பிரிண்ட். அறுபது, எழுபது வயசுல அருமையா ஓட்டுறவங்க இருக்காங்க, ஆனா யாரும் நேரா வேகத்துக்குப் போனவங்க இல்ல.

எத்தனை வாரம் பிராக்டிஸ் வேணும்? வாரத்துல நாலு நாள்தான் டைம் இருக்கு.

டெக்னிக் ஓரளவு வந்திருந்தா எட்டு வாரம் நல்ல கணக்கு, நாலு நாள் தாராளம். ரெண்டு நாள் மெதுவா ஓட்டணும், முப்பதுலருந்து நாப்பது நிமிஷம், நிமிஷத்துக்கு 18லருந்து 20 ஸ்ட்ரோக், பேசிட்டே ஓட்டுற அளவு வேகம். ஸ்பிரிண்ட் ரேஸுக்கு இது எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. ஒன்றரை நிமிஷம் முழு மூச்சா ஓட்டுறப்போ கிட்டத்தட்ட பாதி சக்தி ஆக்சிஜன் வழியாத்தான் வருது, அதை வளர்க்கறது இந்த மெதுவான ஓட்டம்தான். டெக்னிக் படியறதும் இதுலதான்.

மூணாவது நாள் ரேஸ் வேகம். முதல் சில வாரம் 30 செகண்ட் வேகமா, 90 செகண்ட் ஓய்வு, எட்டு தடவை. அப்புறம் 250 மீட்டர், ரேஸ்ல என்ன ஸ்ப்ளிட் நினைக்கறீங்களோ அதே ஸ்ப்ளிட், நாலு தடவை, நடுவுல மூணு நாலு நிமிஷம் ஓய்வு. நாலும் ஒரே டைம்ல வரணும். முதல் 250ஐ பறந்துட்டு நாலாவதுல தவழ்ந்தா உங்க டார்கெட் தப்பு, ரெண்டு செகண்ட் ஏத்திக்கோங்க. நாலாவது நாள் ஸ்டார்ட் மட்டும், பத்து பத்து ஸ்ட்ரோக்கா எட்டு தடவை, நல்ல ஓய்வு விட்டு, கூட கொஞ்சம் ஸ்குவாட், டெட்லிஃப்ட். முழு 500ஐ வாராவாரம் ஓட்டிப் பாக்காதீங்க, எட்டு வாரத்துல ரெண்டு தடவை போதும். கடைசி வாரம் பாதியாக் குறைச்சுடுங்க.

என்ன டிரெஸ் போடணும்? கிளவுஸ் வேணுமா?

லூசான டி-ஷர்ட் வேண்டாம், அதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். சீட்டுக்கு அடியில சின்ன சக்கரம் இருக்கு, பின்பக்கம் தொங்குற துணி அதுல மாட்டுனா சீட்டு கட்டையா நின்னுடும், 300வது மீட்டர்ல அப்படி நின்னா ரேஸ் முடிஞ்சுது. இறுக்கமான டீஷர்ட், இல்லன்னா உள்ள சொருகிக்கோங்க. சுரிதார் டாப்போட பிராக்டிஸ் பண்ற தங்கச்சிங்க முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் முடிச்சு போட்டுக்கோங்க.

ஷூ அடிப்பாகம் தட்டையா, கெட்டியா இருக்கணும், மெத்து மெத்துனு இருக்குற ரன்னிங் ஷூ தள்ளுற பலத்தைக் குடிச்சுடும். கால் பட்டை பாதத்தோட அகலமான இடத்துக்கு மேல வரணும். கிளவுஸ் நான் போடுறதில்ல, பிடி உணர்வு போயிடுது. மோதிர விரல் அடியில காய்ப்பு வரும், கிழியாம தேய்ச்சு விட்டுக்கோங்க, அது தானா கெட்டியாயிடும்.

ரேஸ் அன்னைக்கு என்ன சாப்பிடலாம்?

ரெண்டரை, மூணு மணி நேரம் முன்னாடி பழகுன லேசான சாப்பாடு, நான் மூணு இட்லி, கொஞ்சம் சட்னி, சாம்பார் வேண்டாம். பூரி, பொங்கல், நெய் போட்டது எல்லாம் ரேஸ் முடிஞ்சதும். ஒரு மணி நேரம் முன்னாடி பசிச்சா ஒரு வாழைப்பழம். காபி பழக்கம் இருந்தா குடிங்க, இல்லாதவங்க அன்னைக்குப் போய் ஆரம்பிக்க வேண்டாம்.

ஒன்றரை நிமிஷ ரேஸுக்கு வார்ம்-அப் பண்ணா டயர்ட் ஆயிடாதா?

ரேஸ் சின்னதாக ஆக வார்ம்-அப் பெருசாகணும். 2000ல முதல் ஐந்நூறுலயே உடம்பு சூடாகிக்கும், 500ல அதுக்கு நேரமே இல்ல, முதல் ஸ்ட்ரோக்லயே உடம்பு முழுசா தயாரா இருக்கணும். பதினஞ்சு, இருபது நிமிஷம், முதல் பாதி மெதுவா வேர்வை வர்ற அளவு, அப்புறம் ரேஸ் வேகத்துல பத்து பத்து ஸ்ட்ரோக்கா மூணு தடவை, நடுவுல நல்லா ஆத்திக்கணும். ரேஸுக்கு ஏழெட்டு நிமிஷம் முன்னாடி முடிங்க. ஏசி ஹால்னா மேல ஒரு ஜாக்கெட் போட்டுக்கோங்க, சூடு இறங்கிடக் கூடாது.

ஸ்டார்ட் எப்படி? ஃபால்ஸ் ஸ்டார்ட் இதுலயும் இருக்கா?

இருக்கு. எல்லா மானிட்டரையும் ஒரே கம்ப்யூட்டரோட இணைச்சிருப்பாங்க, கட்டளை உங்க ஸ்கிரீன்லயே வரும். சிட் ரெடி, அட்டென்ஷன், அப்புறம் ரோ. ரோ வர்றதுக்கு முன்னாடி சக்கரம் அசைஞ்சா மானிட்டர் பிடிச்சுடும், பொதுவா முதல் தடவை எச்சரிக்கை, ரெண்டாவது தடவை வெளில. அட்டென்ஷனுக்கும் ரோவுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு முன்கூட்டி சொல்ல முடியாது, எண்ணிட்டு கிளம்பாதீங்க, கண்ணு ஸ்கிரீன்லயே இருக்கட்டும். அந்த நேரத்துல ஹால்ல ஒரு சத்தம் இருக்காது, அத்தனை சக்கரமும் நின்னுடும், உங்க மூச்சு உங்களுக்கே கேக்கும். ரோன்னு வந்ததும் எல்லாம் ஒண்ணா கர்ருனு கிளம்பும் பாருங்க, அதுக்காகவே நான் திரும்பத் திரும்ப போறேன்.

சக்கரம் நின்ன நிலைல இருக்கறதால முதல் இழுப்பு பாறையை நகர்த்துற மாதிரி இருக்கும். முழு நீளத்துக்கு இழுக்காதீங்க. முதல் ஸ்ட்ரோக் பாதி, ரெண்டாவதும் பாதி, மூணாவது முக்கால், நாலாவதுலருந்து முழுசு. இந்த சின்ன ஸ்ட்ரோக்லயும் கால்தான் தள்ளணும், பைசெப்ஸ் கேள்வில சொன்ன அதே வரிசை. பதட்டத்துல எல்லாரும் இங்கதான் கையால பிடுங்குவாங்க.

அப்புறம் பேஸ்? 500தானே, முதல்லருந்து முழு பலத்தையும் போட்டுடலாமே?

இந்தப் பக்கத்தை நான் எழுதுனதே இந்தக் கேள்விக்காகத்தான். கூடாது.

தசைக்குள்ள உடனே எடுத்துச் செலவு பண்ற மாதிரி கொஞ்சம் சக்தி சேமிப்பு இருக்கு, அது சுமார் பத்து செகண்டுக்கு வரும். முதல் ஏழெட்டு ஸ்ட்ரோக் அதை வச்சு தாராளமா அடிக்கலாம், ரேட், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக்ங்கறது, நாப்பதுக்கு மேல போகட்டும். ஆனா அது முடிஞ்சதும் உடம்பு எச்சரிக்கை எதுவும் குடுக்காது, இன்னும் ஒரு இருபது செகண்ட் எல்லாம் சுலபமாவே தெரியும், அங்கதான் ஏமாந்து போறோம். என்னோட முதல் ரேஸ்ல டார்கெட் 1:50. ஸ்கிரீன்ல 1:42 காட்டுச்சு, நல்லாதானே இருக்குன்னு அப்படியே 150 மீட்டர் போயிட்டேன். அடுத்த 150 1:52க்கு இறங்குச்சு. கடைசி 200ல தொடை ரெண்டும் ஈரமான மணல் மூட்டை மாதிரி ஆயிடுச்சு, 2:06ஐ விட வேகமா வரவே மாட்டேங்குது. மொத்தம் 1:54.6. ஸ்ப்ளிட் கேள்வில சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்க, 1:50க்கு 263 வாட்ஸ் போதும், நான் ஆரம்பத்துல 330 வாட்ஸ் போட்டிருக்கேன். கிடைச்சது ரெண்டரை செகண்ட், அதுக்கு கடைசில ஆறு செகண்டுக்கு மேல திருப்பிக் கட்டுனேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அடுத்த ரேஸ்ல எட்டு ஸ்ட்ரோக் முடிஞ்சதும் மூச்சை நல்லா வெளிய விட்டு, "நீளம், நீளம்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ரேட்டை 36க்கு இறக்கி 1:50லயே உக்காந்தேன். சுத்தி எல்லாரும் என்னைத் தாண்டிப் போனாங்க, அந்த பத்து செகண்ட் பொறுத்துக்கறது ரொம்பக் கஷ்டம், நெஜமா சொல்றேன். 300ல ஒவ்வொருத்தரா வேகம் குறைஞ்சு என் பக்கம் திரும்பி வந்தாங்க. 1:50.9. உடம்புல பலம் கூடல, அதே பலம்தான், செலவு பண்ண விதம்தான் வேற.

ஸ்கிரீன்ல மத்தவங்க எங்க இருக்காங்கன்னு காட்டுமாமே, அதைப் பாக்கலாமா?

உங்க மானிட்டர்ல உங்க இடமும் மத்தவங்க எவ்ளோ முன்ன பின்னங்கறதும் வரும், பெரிய திரைல குட்டிக் குட்டி படகா ஓடும். முதல் 300 மீட்டருக்கு உங்க ஸ்ப்ளிட்டைத் தவிர எதையும் பாக்காதீங்க, மேல சொன்ன காரணம்தான், தாண்டிப் போறவங்களைப் பாத்தா கை தானா பிடுங்கும். 300க்கு அப்புறம் பாருங்க, முன்னாடி ரெண்டு மீட்டர்ல ஒருத்தர் இருந்தா அவரைப் பிடிக்கறதுக்குன்னு பலம் வரும்.

மூச்சு எப்படி விடணும்?

இழுத்து முடிக்கறப்போ வெளிய, முன்னாடி வர்றப்போ உள்ள. வேகம் கூடுனா ஒரு ஸ்ட்ரோக்குக்கு ரெண்டு தடவை ஆகும், ஆகட்டும். ஸ்டார்ட்ல நிறைய பேர் மூச்சை அப்படியே அடைச்சு வச்சுடுறாங்க, அஞ்சாவது ஸ்ட்ரோக்ல வேணும்னே சத்தமா ஒரு தடவை வெளிய விடுங்க, அதுக்கப்புறம் தானா ஓடும்.

முடிச்ச அப்புறம் ஒரு மணி நேரம் இருமல் நிக்கல, ஏதாவது ஆயிடுச்சான்னு பயந்துட்டேன்.

ரொம்ப பேருக்கு வரும். ஒன்றரை நிமிஷம் உலர்ந்த காத்தை அவ்ளோ வேகமா உள்ள இழுத்தா தொண்டையும் மூச்சுக்குழலும் எரிச்சலாகி இருமும், வெதுவெதுப்பான தண்ணி குடிச்சா கொஞ்ச நேரத்துல அடங்கும். வாந்தி வர்ற மாதிரி இருக்கறதும் சகஜம்தான். ஆனா நெஞ்சு வலி, விசில் மாதிரி மூச்சு, மயக்கம், இதுல எது வந்தாலும் அங்க இருக்குற மருத்துவக் குழுகிட்ட உடனே சொல்லணும், "ரேஸ் முடிஞ்ச களைப்பு"ன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க.

வீட்லருந்தே ரேஸ்ல கலந்துக்கலாம்னு சொல்றாங்களே?

கலந்துக்கலாம். 2021ல கொரோனா நேரத்துல உலக சாம்பியன்ஷிப்பே முழுக்க ஆன்லைன்லதான் நடந்துச்சு, அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க மெஷின்ல. மானிட்டரை லேப்டாப்போட இணைச்சா ஸ்டார்ட் கட்டளை வழக்கம் போலவே ஸ்கிரீன்ல வரும். நெட்டும் கேபிளும் முந்தின நாளே சரி பாத்துடுங்க. செயினைத் துணியால துடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, சீட்டு ஓடுற தண்டவாளத்தையும் துடைங்க, கறுப்பா பிசுக்கு சேர்ந்தா சீட்டு தடதடன்னு குதிக்கும்.

கடைசி நூறு மீட்டர்ல உடம்பு அப்படியே நின்னுடுது. அதுக்கு ஏதாவது வழி இருக்காக்கா?

முதல்ல உங்க ஆரம்பத்தைப் பாருங்க, பத்துல எட்டு பேருக்கு அந்த நூறு மீட்டர் முதல் நூறுலயே தோத்துப் போயிருக்கும். பேஸ் சரியா இருந்தும் நின்னா, மீட்டரை எண்ணாதீங்க, ஸ்ட்ரோக்கை எண்ணுங்க. உங்க அளவுக்கு நூறு மீட்டர்னா பன்னெண்டு, பதிமூணு ஸ்ட்ரோக். 1:50 ஸ்ப்ளிட்ல அது இருபத்திரண்டு செகண்ட். வேகம் கூட்ட பலமா இழுக்கணும்னு தோணும், அந்த நேரத்துல பலம் இருக்காது, அதனால ஸ்ட்ரோக்கைக் கொஞ்சமா சுருக்கி ரேட்டை ரெண்டு மூணு ஏத்துங்க, முன்னாடி சீக்கிரம் வாங்க. கடைசி அஞ்சு ஸ்ட்ரோக்ல ஸ்கிரீனைப் பாக்காம கால் பலகையை மட்டும் நினைங்க.

மீட்டர் சைபருக்கு வந்ததும் ஹேண்டிலைத் தூக்கி எறியாதீங்க, செயின் வேகமா சுருண்டு போய் மெஷின்ல அடிக்கும். கைலயே வச்சுட்டு, காலை அவுக்காம, ரெண்டு மூணு நிமிஷம் சும்மா லேசா முன்ன பின்ன ஆட்டிட்டு இருங்க. அப்படியே கீழ விழுந்து படுக்கணும்னு இருக்கும், ஆனா சட்டுனு நிறுத்தினா தலை சுத்தலாம், வாந்தி வரலாம். மூச்சு கொஞ்சம் அடங்குன அப்புறம் ஹேண்டிலை அதோட கொக்கில மாட்டிட்டு, பட்டையைத் தளர்த்திட்டு, பக்கத்து மெஷின் ஆளுக்கு கை குடுத்துட்டு எந்திரிங்க. டைமை அப்புறம் பாத்துக்கலாம், அது மானிட்டர்லயே இருக்கும்.